வேர்க்காத பிள்ளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரங்கூனிலிருந்து மாமா எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தை மூன்று தலைமுறையாக அடுப்படிக்குள்ளேயே குசுகுசுவென்று பேசி மூடிவைத்த குடும்பம் நம்முடையது. அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீயும் சரி என்று சொல்லிவிட்டாய்.

போன வாரம் போனில் அழுதாய். உன் பையனுக்கு இருக்கிறது என்று மாண்டலே டாக்டர் சொன்ன பரம்பரை நோயின் பெயரை உன்னால் திருப்பிச் சொல்லக்கூட முடியவில்லை. ஹைப்போஹைட்ரோட்டிக் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. பல்செட் போட்டவன் வாயால் சொல்கிற பெயரில்லை அது, எழுதத்தான் முடியும். உன் மாமியார், பத்து மாதமாகியும் தலையில் பூனைமுடிதானே இருக்கிறது, பல்லையும் காணோமே, எந்தத் தோஷமோ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாய். அவர் கவலைப்படுகிற இரண்டும் எனக்குக் கவலையே இல்லை. முடி இல்லாமல், பல் இல்லாமல் அறுபது வயதுவரை வந்துவிட்டவன் நான். எனக்குக் கவலை, பையனுக்கு வேர்க்காது என்பது. வருவது அவனுடைய முதல் சித்திரை.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கரு உருவாகும்போது வெளிப்பக்கம் ஓர் அடுக்கு இருக்கிறது. தோல், முடி, நகம், பல்லின் எனாமல், வேர்வைச் சுரப்பி எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. நாற்றங்கால் மாதிரி வைத்துக்கொள். இந்த இடத்தில் முடி முளை, இங்கே பல் முளை, இங்கே வேர்வைச் சுரப்பி முளை என்று அந்த அடுக்குக்கு ஒரு புரதம் தகவல் கொண்டுபோக வேண்டும். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் புரதம் சரியாக உருவாவதில்லை. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது 1996-ல். எனக்கு அப்போது முப்பது வயது. அதுவரை தெருவில் வைத்த பெயர்தான் எனக்குப் பெயர், அது இங்கே வேண்டாம்.

உன் பாட்டி எனக்கு வந்தது புழுவெட்டு என்று நினைத்தாள். சின்ன வெங்காயத்தை நறுக்கி என் தலையில் தேய்த்துத் தேய்த்து, தோல் உரிந்து கண் எரிந்ததுதான் மிச்சம். புழுவெட்டில் இருந்த முடி வட்டமாக உதிரும். இதில் முளைக்க வேண்டிய வேரே குறைவு. எதைத் தேய்த்தாலும் பிரயோஜனம் இல்லை. உன் மாமியார் வெங்காயத்தை எடுத்தால் வாங்கிக் குழம்பில் போட்டுவிடு.

காய்ச்சல் கதையை நீ கேட்டிருக்க மாட்டாய். எனக்கு மூன்று வயது, பங்குனி கடைசி. உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மலேரியா என்று சொல்லி ஊசி போட்டு, கம்பளியால் சுற்றிப் படுக்க வைத்துவிட்டார்கள். சூடு ஏறிக்கொண்டே போயிற்று. என் அம்மா ராத்திரியில் யாரிடமும் கேட்காமல் கம்பளியைப் பிரித்து, என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார வைத்தாள். கால் மணி நேரத்தில் நான் கஞ்சி கேட்டேனாம். நர்ஸ் திட்டியதை அவள் சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு வாளியும் ஈரச் சட்டையும் எப்போதும் தயாராக இருக்கும்.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. அவளுக்கு இரண்டு தம்பிகள், இரண்டு பேரும் வயது ஒன்று நிறையுமுன் சித்திரை வெயிலில் போனவர்கள். 'காய்ச்சல் கண்டு போயிட்டான்' என்பார்கள். சித்திரையில் பிறந்தால் அப்பன் தெருவிலே என்ற பழமொழியை இழுத்துவந்து பிறந்த மாதத்தின் மேல் பழிபோட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மாதம் கொல்லவில்லை. சூட்டை வெளியே விட வழியில்லாத உடம்பு, மேலே ஒரு துணி, அதற்கு மேல் ஒரு துணி. அவ்வளவுதான்.

இப்போது உன் பையனுக்கு வருவோம். பூகம்பத்தில் வீடு விரிசல் விட்டதிலிருந்து தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2024 ஏப்ரல் 28-ல் மாக்வே பக்கம் சௌக்கில் 48.2 டிகிரி அடித்தது நினைவிருக்கிறதா? உன் ஊரும் அந்த வறண்ட பூமியைச் சேர்ந்ததுதான். ஆனால் அதில் ஒரு நன்மை உண்டு. ரங்கூன் புழுக்கத்தில் ஈரத்துணி சீக்கிரம் காயாது, அதனால் குளிர்ச்சியும் குறைவு. மாண்டலே காற்றில் துணி படபடவென்று காயும், காயும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வேர்வை செய்கிற வேலையே அதுதான். அவனுக்கு உள்ளேயிருந்து வராததை நீ வெளியேயிருந்து கொடுக்கிறாய்.

மெல்லிய பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுவிடு, காய்ந்ததும் திரும்ப நனை. துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். வெயில் கொளுத்தும்போது விசிறி மட்டும் போதாது, உலர்ந்த தோலில் அது அனல்காற்றைத்தான் வீசும். ஐஸ் வேண்டாம், மண்பானைத் தண்ணீர் போதும். தெர்மாமீட்டர் வாங்கிவை. வெயிலில் சூடேறியதற்கு பாரசிட்டமால் கேட்காது, குளிரவைத்தால்தான் கேட்கும். குளிரவைத்தும் அரை மணியில் இறங்கவில்லை என்றால் நிஜக் காய்ச்சலாக இருக்கலாம், டாக்டரிடம் போ. பிள்ளை துவண்டுபோனாலோ, பால் குடிக்காவிட்டாலோ அரை மணிகூடக் காத்திருக்காதே. கம்பளி சுற்ற யார் வந்தாலும், டாக்டரே ஆனாலும், 'இவனுக்கு வேர்க்காது' என்று முதலில் சொல்லிவிடு.

தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசலாமா என்று கேட்டாய். உங்கம்மா எனக்குக் கல்லில் அரைத்து முதுகெல்லாம் பூசிவிடுவாள். ஜில்லென்று இருக்கும், எனக்குப் பிடிக்கும். ஆனால் ஈரம் இருக்கிறவரைதான் அந்த ஜில். பூசு, ஆனால் பூசிவிட்டோம் என்று வாளியை மறந்துவிடாதே.

மற்றவை நிதானமாக. மூக்கில் பொருக்குக் கட்டும், டாக்டர் சொல்கிற உப்புத்தண்ணீர்ச் சொட்டு விடு. கண் வறளும், தோலும் வறளும், அதற்கெல்லாம் மருந்து உண்டு. பல் வரும்போது நாலைந்து வரலாம், கூம்பு மாதிரி கூர்மையாக இருக்கும். மூன்று, நாலு வயதிலேயே பிள்ளைகளுக்கு அளவெடுத்துப் பல்செட் செய்கிறார்கள், வளர வளர மாற்றிக்கொள்ளலாம். நான் முதல் பல்செட் போட்டது இருபத்தாறு வயதில், என் கல்யாணத்துக்கு. அதுவரை முறுக்கு என்றால் டீயில் ஊறவைத்ததுதான். புத்தியில் இதனால் ஒரு குறையும் வராது. கணக்கெழுதியே இத்தனை வருஷம் சம்பாதித்திருக்கிறேன்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய ஒரு கதை சொல்கிறேன், உன் ஊர்க்கதை. 1826-ல் பர்மா மன்னரின் ஆவா அரசவைக்கு வந்த கிராஃபர்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒருவரைப் பார்த்தார், ஷ்வே மாங் என்று பெயர். முகம், காது, உடம்பு எங்கும் பட்டுப்போல நீளமான முடி. ஆனால் பல் மிகக் குறைவு. 1855-ல் யூல் என்பவர் அமரபுராவுக்கு வந்தபோது ஷ்வே மாங்கின் மகள் மா போன் வளர்ந்து பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்கும் அதே முடி, அதே பல். அவளைக் கட்டிக்கொள்ள ஒருவனுக்கு ராஜா பணம் கொடுக்க வேண்டியிருந்ததாம். பர்மாவின் கடைசி மன்னர் திபா வீழ்ந்த பிறகு அந்தக் குடும்பத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கப் பிடிக்காது. நம் நோயும் அதுவும் வேறு. அவர்களுக்கு முடி அதிகம், நமக்கு இல்லை.

ஆனால் 1875-ல் டார்வின் முடிக்கும் பல்லுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதும்போது மா போன் குடும்பத்தைச் சொல்லிவிட்டு, சிந்துப் பகுதியில் ஒரு இந்துக் குடும்பத்தையும் சொல்கிறார். நாலு தலைமுறையில் பத்து ஆண்கள். பல் கொஞ்சம், உடம்பில் முடி கொஞ்சம், சீக்கிரமே வழுக்கை, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதி. பெண்களுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் வழியாகத்தான் அவர்களுடைய மகன்களுக்குப் போகிறது. அப்பனிடமிருந்து மகனுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பாப்பா. நம் வீட்டுக் கதையை யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

என் மகனைப் பார், சீப்பு உடைகிற முடி. அவனுக்கு என் எக்ஸ் வரவில்லை, மகனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். என் மகளுக்குக் கட்டாயம் வந்திருக்கும், அவளிடம் சொல்லிவிட்டேன். உங்கம்மாவுக்கு உன் பாட்டியிடமிருந்து, உனக்கு உங்கம்மாவிடமிருந்து. உனக்கு மேல் பல் இரண்டு முளைக்காததும், ஜாக்கெட் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்து கிடப்பதும் இதனால்தான். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் வேலை செய்யும். அதனால் உன் தோல் ஒட்டுப்போட்ட துணி மாதிரி, சில இடம் வேர்க்கும், சில இடம் வேர்க்காது. அடுத்த பிள்ளை உண்டானால், பையனாக இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில், கருப்பையிலேயே அந்தப் புரதத்தை ஊசியில் செலுத்திய மூன்று ஆண்பிள்ளைகளுக்கு வேர்த்தது என்று 2018-ல் அறிவித்தார்கள். நமக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. இருந்தாலும் தெரிந்திருக்கட்டும்.

இதையெல்லாம் உன் கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, 'தம்பி, நீ மாடியிலேயே இரு' என்றாள் அக்கா. நானும் சரி என்று உட்கார்ந்திருந்தேன். கீழே பஜ்ஜி வாசனை வந்தது. உன் மாமியார் சிரிப்பது கேட்டது. கல்யாணத்தன்று தொப்பி போட்டுக்கொண்டு வந்தேன். தாய்மாமன் தொப்பியோடு நிற்கிற போட்டோ உன் வீட்டில் இருக்கும், எடுத்துப் பார். இன்றைக்கு உன் மாமியார் உன்னைக் கேட்கிற கேள்வியை என்னைக் கேட்கச் சொல். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்தான், ஏமாந்தவள் நீ.

முடி இல்லாத பிள்ளைக்கு எப்படி முடியிறக்குவது என்று அவர் கேட்டதாகச் சொன்னாய். எனக்கும் அதே கேள்வி வந்தது. காளியம்மன் கோயிலில் என் மாமா முறையில் ஒருவர் மடியில் என்னை உட்கார வைத்தார்களாம். நாவிதர் தலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு கத்தியின் முதுகால் மூன்று தடவை தடவிவிட்டுச் சந்தனத்தை அப்பினாராம். தேங்காயும் காசும் முழுசாக வாங்கிக்கொண்டாராம்.

பதினோராம் மாதத்திலேயே வைத்துவிடுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன். தொப்பி இல்லாமல் வருவேன். நேரத்தை மட்டும் காலை ஏழு மணிக்குள் குறிக்கச் சொல், வெயில் ஏறினால் எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு துண்டும் வைத்துவிடு, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

அன்புடன்,
மாமா