கொழுக்கட்டைப்புல் விதை வாங்கிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காட்டில், விதைக்கக் கொழுக்கட்டைப்புல் என்னும் தீவனப்புல்லின் விதை தேடி நம் கடைக்கு வரும் உங்களுக்கு, ‘விதைத்தது முளைக்கவில்லை, அங்கே போன வருடத்துப் பழைய விதையைத் தலையில் கட்டுகிறார்கள்’ என்று ஒரு வாடிக்கையாளர் பேசிய குரல்பதிவு இந்நேரம் வாட்ஸாப்பில் வந்து சேர்ந்திருக்கும். விலையைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வோம். விதை பழையது என்றதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த விதையைக் கதிரிலிருந்து உருவிய கையோடு விதைத்தால் பெரும்பகுதி முளைக்காது. ஆறேழு மாதமாவது உலர்ந்த இடத்தில் உறங்கிக் கிடந்த பிறகே அதற்கு முளைப்பு வரும் என்பதால், மார்கழியில் உருவியதை ஆவணி, புரட்டாசியில் விற்பதே முறை. மூட்டையின்மேல் போன டிசம்பர் தேதி இருப்பது எங்கள் ஒழுங்குக்குத்தான் சாட்சி. குரல்பதிவில் பேசிய அன்பரோ, விதைத்தபின் ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணைப் புரட்டியதாக அவர் வாயாலேயே சொல்கிறார். பஞ்சுபோல் மயிர் சூழ்ந்த இவ்விதையை ஈரமணலில் பிசறித் தூவி, ஒரு சென்டிமீட்டருக்குமேல் புதையாதபடி முள்ளுக்கிளையை இழுத்து மூடுவது எங்கள் அப்பாரு காலத்து வழக்கம். பில்லின் பின்புறம் அதை அச்சிட்டே தருகிறோம். ஒருமுறை தூர் கட்டிவிட்டால், கோடையில் கருகிக் கிடந்தாலும் ஒரு மழைக்கே துளிர்க்கும் புல் இது என்பதைக் காங்கேயம் மாடு வளர்ப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சித்திரை மழைக்கு அவசரமாகக் கேட்டவர்களுக்கு மட்டும், அந்த அன்பர் உட்பட, உறக்கம் தெளியாத நான்கு மாத விதை சென்றுவிட்டது.

கதிர் முழுவதும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. முற்றியதோ காற்றுக்கே உதிர்ந்துவிடும். ஆகவே ஒரே காட்டைப் பலமுறை சுற்றிவந்து கையால்தான் உருவ வேண்டும். அதில் தேர்ந்த பெண்கள் நால்வர் இப்போது பனியன் கம்பெனி வண்டியில் திருப்பூர் போகிறார்கள். அவர்கள்மீது குறையில்லை, நாங்கள் கொடுத்த கூலி அப்படி. புதியவர்களுக்குக் கூலியை உயர்த்தியதால், ஆவணி முதல் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுகிறது.

2017 வறட்சியில் கொறங்காடுகள் வெறுந்தரையாய்க் கிடந்தபோதும், அடுத்த மழையை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் உங்களில் பலர். அந்தப் பணத்தில்தான் அவ்வருடம் கடைக்கதவு திறந்திருந்தது. அதற்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

சித்திரையில் வாங்கியவர்கள் புரட்டாசிக்குள் பில்லுடன் வந்தால் மாற்று விதை தருகிறோம். விதைத்த இடத்தை அதற்குள் உழுது புரட்டிவிட வேண்டாம். உறங்கும் விதையில் ஒரு பங்கு ஐப்பசி மழைக்கு எழக்கூடும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
காங்கேயம்.