21 நரம்பு

அன்புள்ள மாரிமுத்துவுக்கு,

முட்டி வலி குறைந்ததா? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு நான் காரணமல்ல, இந்த ஊர்தான். ஜூலை பிறந்துவிட்டால் நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் மனிதர் வீட்டில் தங்குவதில்லை. 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ நம் நகரத்தையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2010 முதல் அதை ஒட்டி ஜார்ஜ்டவுன் விழா. நீ கிள்ளானுக்குக் குடிபோனபோது ஒன்பது மணிக்கே அடங்கிவிடும் ஆர்மீனியன் தெருவில் இப்போது ஆளை ஆள் இடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை பாடாங் கோத்தா திடலில் உலக இசை என்று ஒரு மாலை. டிக்கெட் கிடையாது. மேலை நாடுகளில் இதற்கென்றே கோடைக்காலம் வருமாம். நமக்கேது கோடை? ஐந்து மணிக்கு ஒரு மழை கொட்டித் தீர்த்தது. முன்வரிசை நாற்காலிகள் பிரமுகர்களுக்காம், பாதி காலி. ஊர்ச்சனம் முழுதும் பின்னால் ஈரப் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கி இரண்டு முறை நின்றுபோனது. முக்கால் மணி நேர உரைகளின்போது மட்டும் நிற்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

முதலில் போரியா, நம் பினாங்கு மலாய்க்காரர்களின் பாட்டும் ஆட்டமும். தூக்காங் காராங் என்னும் முன்பாடகர் ஓரடி பாட, பின்னால் நின்றவர்கள் அதையே திருப்பிப் பாடி ஆடினார்கள். பேத்திக்கு ஒரு தட்டு பசம்பூர் ரோஜாக் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர், தனியாக. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக அறுத்து, மாட்டுத்தோல் போர்த்தி, நெஞ்சுயரத்துக்கு ஒரு கழியைச் செருகியது போன்ற வாத்தியம். கோரா என்று பெயர். குடுக்கையைத் தன்னைப் பார்க்க வைத்து, இரு கைகளின் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டுமே மீட்டுகிறார். மற்ற விரல்கள் பிடியைப் பற்றியிருக்கின்றன. நான்கு விரலில் அத்தனை மழை எப்படிப் பெய்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நரம்புகளை எண்ணிப் பார்த்தேன். இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10.

பேரியாழுக்கு எத்தனை நரம்பு என்று நம் தமிழ் வாத்தியார் கேட்டதும், நீ திருதிருவென்று விழித்துப் பிரம்படி வாங்கியதும் நினைவிருக்கிறதா? 21. மேற்கு ஆப்பிரிக்காவிலும் தந்தை வழியில் பிள்ளை வாசித்து அரசர்களின் குலமுறையைப் பாடும் மரபாம். நம் பாணர்களைப் போலத்தான். யாழை நாம் எப்போதோ தொலைத்துவிட்டு நரம்புக் கணக்கை மட்டும் தேர்வுக்கு வைத்திருக்கிறோம்.

கச்சேரி முடிந்ததும் பேத்தி விடவில்லை, மேடையோரம் இழுத்துக்கொண்டு போனாள். மனிதர் கோராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நரம்பு எதனால் ஆனது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் காட்டினார். மீன் பிடிக்கும் நைலான் நரம்பு! முன்பெல்லாம் தோலை வாராக அறுத்து முறுக்குவார்களாம். இப்போது பெரும்பாலும் இதுதானாம். அந்தச் சுருளும் முதல் நாள் இங்கே கடைத்தெருவில் வாங்கியது. அவர் சுட்டுவிரல் நுனியைத் தொட்டுப் பார்த்தேன், காய்த்துப்போய்க் கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. அதே திடலை ஒட்டிய கடற்சுவரில் உட்கார்ந்து, கெளுத்தி இழுத்த இழுப்பில் நரம்பு உன் விரலை எலும்புவரை அறுத்ததே, அந்தத் தழும்புதான் கண்முன் வந்தது. கைக்குட்டையால் கட்டிவிட்டு, உன் அம்மாவிடம் சைக்கிள் சங்கிலி என்று நாம் சொன்ன பொய் இன்றுவரை செல்லுபடியாகிறது.

உன் தம்பி மகன் உருமி மேளத்தில் சேர்ந்துவிட்டானாமே! தெருவில் அடித்தால் இரைச்சல் என்பவர்கள், அவனை இந்த மேடையில் ஏற்றினால் உலக இசை என்று கைதட்டுவார்கள். வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்து வா. பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு படகு. உன் முட்டிக்கு ஒரு குறையும் வராது. என் தூண்டில் சுருள் மக்கிவிட்டது. உன்னுடையது பரணில் இருந்தால் எடுத்து வை.

அன்புடன்,
கோவிந்தன்