கேபினெட்டில் ஒரு சுர்ர்

சென்னை,
ஞாயிறு மதியம்

மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. மகளுக்கு மதுரையிலேயே சீட் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். முழங்கால் வலியோடு கடை ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்காருவதை மட்டும் கொஞ்சம் குறை. சொன்னால் கேட்கிற ஆளா நீ?

என் பக்கம் ஒரு செய்தி. கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் பண்ணிவிட்டேன். ஒவ்வொரு பாகமாக வாங்கி, என் கையாலேயே மாட்டினேன். சிரிக்காதே. 2000-ல் நாம் இரண்டு பேரும் ராத்திரி பஸ் பிடித்து வந்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த செலரான் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் வாங்கினோமே, அன்றைக்கு நீ மாட்டினாய், நான் டார்ச் பிடித்தேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நான் ஒரு கேபினெட்டின் பக்கக் கதவைக்கூடக் கழற்றியதில்லை.

இப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். நரசிங்கபுரம் தெருவில் நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், எல்லாவற்றையும் மாட்டுகிற பி550 மதர்போர்டு, எட்டு ஜி.பி. ராம் இரண்டு, ஃபைல்களை வைக்க 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கரண்ட் கொடுக்கிற 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., எல்லாவற்றையும் உள்ளே வைக்க ஒரு சாதா கேபினெட். எல்லாம் சேர்த்து முப்பத்தைந்தாயிரத்துக்குள் முடிந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவில்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. அது ராமைத்தான் கடன் வாங்கி ஓடும் என்பதால், பதினாறை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்கினேன். இரண்டு வழியில் டேட்டா போனால் அதற்கு மூச்சு விட முடியும். கடைத் தம்பி "சும்மாவே மாட்டித் தர்றேன் சார்" என்றான். வேண்டாம் என்று சொல்லும்போது என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

ப்ராசஸரின் அடியில் 1331 ஊசி. ஒன்று வளைந்தாலும் பதினோராயிரம் போச்சு. ஆனால் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக உள்ளே விழுகிறது, அழுத்தவே கூடாது. அந்தச் சுகத்தில் இருந்தவனுக்கு, ப்ராசஸர் மேல் மாட்டுகிற ஃபேனான கூலர் வைத்தது ஆப்பு. போர்டில் இருக்கிற பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றினேன். பின்பக்கத்து இரும்புத் தகடு பொத்தென்று மடியில் விழுந்தது. அதைத் தாங்கிப் பிடித்திருந்ததே அந்த நாலு திருகுதானாம். ஒரு கையால் தகட்டைப் பிடித்து, மறு கையால் திருகி... மூன்றாவது கை ஒன்று கேட்டது. ப்ராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட் ட்யூப் வேறு தனியாக வாங்கியிருந்தேன். கூலரில் கம்பெனிக்காரனே தடவிக் கொடுத்திருக்கிறான், தண்டம்.

கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஸ்விட்ச் ஏது? அன்றைக்கு நீ செய்தது போல, போர்டில் ஸ்விட்ச் ஒயர் மாட்டுகிற இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டேன். ஃபேன் சுற்றியது. மானிட்டரில் "நோ சிக்னல்". எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை மாற்றினேன், மானிட்டர் ஸ்விட்சைத் தட்டினேன், சாமியைக் கும்பிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் போர்டின் ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்த குட்டி விளக்கைப் பார்த்தேன். பக்கத்தில் "டிராம்" என்று பொடி எழுத்து, ராமில் கோளாறு என்று அர்த்தம். ஒரு ராம் குச்சியின் ஒரு முனை உட்கார்ந்திருக்கிறது, மறுமுனை ஒரு நூல் தூக்கி நிற்கிறது. போர்டு உடையுமோ என்று பயந்து நான் அழுத்தவே இல்லை. இந்த முறை நன்றாக அழுத்தினேன், டக். அப்புறமும் அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு திரை வந்தது. 3200 வேகம் என்று வாங்கிய ராம் 2400 என்று காட்டியது. போர்டின் செட்டிங்ஸ் திரையான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்.எம்.பி.யைப் போட்டதும் சரியாகிவிட்டது.

இனிமேல்தான் உனக்கான விஷயம். எல்லாம் முடிந்து, மேஜையடியில் வைத்து, வெறுங்காலோடு உட்கார்ந்து கேபினெட்டைத் தொட்டேன். சுர்ர். டெஸ்டரை வைத்தால் நியான் மங்கலாக எரிகிறது. போர்டு எங்கோ ஷார்ட் என்று முடிவுகட்டி மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கப் போனேன். அப்போதுதான் உங்கப்பா கடையில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர் இரும்புப் பாடிக்குப் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும். இல்லையென்றால் 230-ல் பாதி பாடியில் ஏறி உட்காரும். கரண்ட் துளிதான், ஆனால் தொட்டால் கடிக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரித்தேன். மூன்று பின் ஓட்டை இருக்கிறது, எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை! சுவரிலிருந்து மூன்று ஒயர் இழுத்துப் புது பாக்ஸ் மாட்டியதும் டெஸ்டர் அணைந்தது. அந்த வாரத்திலேயே நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேபினெட்டின் முன்பக்க ஒயர்கள் மட்டும் இன்னும் தகராறு. எல்.இ.டி.க்கு பிளஸ் மைனஸ் உண்டு, ஸ்விட்ச்சுக்குக் கிடையாது என்று தெரியும். இருந்தும் பவர் விளக்கு எரியவில்லை. விட்டுவிட்டேன்.

அந்தப் பழைய செலரானின் ஹார்ட் டிஸ்க் உன் கடைப் பரணில்தானே கிடக்கிறது? கூரியரில் அனுப்பு. இந்தப் போர்டில் பழைய டிஸ்க்கை மாட்டுகிற அந்தப் பட்டை கேபிளுக்கு இடமே கிடையாது, யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்டும், ஸ்கேன் பண்ணி வைத்த உங்கம்மாவின் அந்த ஒரே போட்டோவும் அதில்தான் இருக்கின்றன. பின்னால் பின்களின் மேல் செருகியிருக்கும் குட்டி மூடி, அதாவது ஜம்பர், இருந்தால் பிடுங்காதே, இருக்கிறபடியே சுற்றி அனுப்பு.

உன்,
டார்ச் பிடித்தவன்