ஞாயிறு காலை ஹாம் ரேடியோ கிளப் மாடியில் யாகி ஆன்டெனா ஏற்றுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். 2 மீட்டர் பேண்டுக்கான (சுமார் 2 மீட்டர் அலைநீளம்) ஐந்து எலிமென்ட் யாகியை, அதாவது ஐந்து உலோகக் குச்சிகள் கொண்டு ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனாவை, வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு ஏற்றுகிறோம். வெயில் ஏறுவதற்குள் கம்பம் நிமிர்ந்துவிட வேண்டும். தாமதமாக வருபவர்களுக்கு டீ உண்டு, இட்லிக்கு உத்தரவாதம் இல்லை.

நமக்கு எஃப்எம்மும், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரும்தான் முக்கியம். அவற்றில் செங்குத்து ஆன்டெனாவே வழக்கம் என்பதால் எலிமென்ட்கள் செங்குத்தாக நிற்கும். அப்படி நிற்கும்போது இரும்புக் கம்பம் அவற்றுக்கு நடுவே வந்தால் பேட்டர்ன் (சிக்னல் பரவும் வடிவம்) கெட்டுவிடும். அதனால் பூமை (எலிமென்ட்களைத் தாங்கும் நீளத் தண்டு) நடுவில் பிடிக்காமல், கடைசி எலிமென்டான ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் பிடிக்கிறோம். கேபிளும் பின்பக்கமாகவே இறங்கட்டும்.

முதலில் 145 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) பார்ப்போம். 1.5-க்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம். சிக்னலை வெளியே அனுப்பாமல் வெப்பமாக்கும் டம்மி லோடுகூட 1:1 காட்டும். உண்மையான சோதனை அதன் பிறகுதான். வீட்டிலிருந்து கலந்துகொள்பவர்கள் 8.30-லிருந்து 145.500 மெகாஹெர்ட்ஸில் இருங்கள். நாங்கள் ஆன்டெனாவை மெல்லச் சுழற்றுவோம், நீங்கள் எஸ் மீட்டர் (சிக்னல் வலிமை) அளவைச் சொல்லுங்கள். "சூப்பரா கேக்குது சார்" வேண்டாம், எண் வேண்டும்.

தெருப்பக்கம் மின்கம்பி போகிறது. கம்பத்தைப் பின்சுவர் ஓரமாக மட்டுமே தூக்குவோம். ஹாம் ரேடியோ உரிமம் இன்னும் கைக்கு வராதவர்களும் வரலாம். கயிறு பிடிக்கலாம், கேட்கலாம், மைக்கை மட்டும் தொடக்கூடாது.