பூனைக்குத் தேங்காய் கொடுக்கலாமா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

‘என் பூனைக்குட்டி தேங்காய் தின்றுவிட்டது, ஏதாவது ஆகுமா?’ என்று நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு, ‘ஒன்றும் ஆகாது, போய்த் தூங்கு’ என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

உன் குட்டி தின்றது வெறும் தேங்காய்த் துருவல்தானே? அப்படியென்றால் பயப்படாதே, அது பூனைக்கு விஷமில்லை. நம் கருப்பியும் நான் அரிவாள்மணையை எடுத்தால் போதும், மாடிப்படியிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். சிந்தியதில் இரண்டு நக்கு நக்கிவிட்டுப் போவாள். இனிப்புக்கு வருகிறாள் என்றே நினைத்திருந்தேன். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாதாம்.

ஒரு சிட்டிகைக்கு மேல் மட்டும் வேண்டாம். 100 கிராம் தேங்காயில் 30 கிராமுக்கு மேல் கொழுப்பு. அந்தச் சின்ன வயிறு தாங்காது, வாந்தியும் பேதியும் வரும். தேங்காய்ப் பாலும் அப்படித்தான். முடி பளபளக்க எண்ணெய் தடவலாமா என்றாயே, தடவாதே. உடம்பை நக்கியே சுத்தம் செய்கிற ஜீவன், தடவியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். இளநீரும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

எனக்குப் பயம் சட்னிதான். போன வருஷம் கருப்பி ஆசையாகச் சாப்பிடுகிறாளே என்று ஒரு வாரம் இட்லியில் தேங்காய்ச் சட்னி பிசைந்து வைத்தேன். உன்னிடம் அப்போது சொல்லவில்லை. நம் வீட்டுச் சட்னியில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்குமா? திடீரென்று சுருண்டு படுத்துவிட்டாள். மீன் வைத்தும் எழுந்திருக்கவில்லை. மூத்திரம் டீத்தண்ணி நிறத்தில் போனது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அவள் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். வேகவைத்தாலும் பொடி பண்ணினாலும் அதே கதிதான். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அந்த ஈறு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் சட்னி, பொரியல், குழம்பு சோறு எதையும் அதன் தட்டில் போடாதே. துருவும்போது வந்து நின்றால், வேறு எதுவும் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஒரு துளி எடுத்துக் கொடு, போதும்.

இன்று அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வாந்தி நிற்காவிட்டாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ என் போனுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ.

காலையில் வெளிக்கு எப்படிப் போனது என்று சொல்.

அம்மா