ஃபில்டர் போட்டால் வானம் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளக்கு வெளிச்சத்தில் இரவு வானம் மங்கிப்போவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர், "நீங்கள்தான் கொல்லைப்புறத்திலிருந்தே நெபுலா படம் எடுக்கிறீர்களே, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்டார். அவர் வீட்டு மாடிப்படி விளக்கு என் எதிரிகளில் ஒன்று. அது வேறு கதை.

எங்கள் கொல்லையில் அண்ணாந்து பார்த்தால் நான்கைந்து நட்சத்திரங்கள் தெரிந்தாலே அதிகம். ஆனாலும் சுமார் 5,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ரோசெட் நெபுலா என்ற வாயு மேகம் என் கேமராவில் சிக்குகிறது. காரணம், அந்த வாயு மேகம் எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாகவும், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாகவும் ஒளிர்கின்றன. அந்த இரண்டு இடங்களில் மட்டும், அதுவும் சில நானோமீட்டர் அகலத்துக்கு வழிவிடும் ஃபில்டரைப் போட்டால், தெருவிளக்கின் வெளிச்சம் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடும். நிலா வெளிச்சத்தில்கூட அந்தச் சிவப்பைப் பிடித்துவிடலாம். சாதாரண கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி இந்தச் சிவப்பில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். அதை மாற்றிய கேமரா வேண்டும். மற்றதெல்லாம் பொறுமை. சில நிமிட எக்ஸ்போஷர்களை வரிசையாக எடுத்து ஒன்றாக்க வேண்டும். 100 படங்களைச் சராசரியாக்கினால், மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

சரி, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் படலத்தை இப்படி எடுத்துவிட முடியுமா? முடியாது. அது தானாக ஒளிரும் வாயு அல்ல, நட்சத்திர ஒளியைச் சிதறடிக்கும் தூசு. அதன் ஒளி பல நிறங்களிலும் பரவியிருப்பதால், விளக்கொளியை வடிகட்டும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். என் படங்களில் நீங்கள் பார்ப்பது ஃபில்டருக்குத் தப்பிய வானத்தை மட்டுமே.

முன்பு இருந்த சோடியம் விளக்குகளோடு ஓரளவு மல்லுக்கட்ட முடிந்தது. அவற்றின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில்தான் குவிந்திருக்கும். இப்போது எங்கள் தெருவில் வெள்ளை எல்இடி. நீலத்திலிருந்து சிவப்பு வரை ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. போதாக்குறைக்கு, நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். அந்த மஞ்சளைத் தடுக்கவென்று வாங்கிய பழைய ஃபில்டர் பெட்டியிலேயே தூங்குகிறது.

விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லவில்லை. இரவில் நடப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் அது சாலையில் விழ வேண்டும். மேலே போகாதபடி மூடி போட்டு, நிற வெப்பநிலை 3,000 கெல்வினுக்கு மிகாத இளமஞ்சள் விளக்கு வைத்து, நள்ளிரவுக்கு மேல் கொஞ்சம் குறைத்தால் போதும். கண் கூசாத விளக்கில் பாதையும் நன்றாகத் தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: நெபுலா படங்களைப் பிரசுரிக்கும்போது எந்த ஃபில்டரில், எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதையும் கீழே போடுங்கள். வெறும் கண்ணுக்கே இப்படித் தெரியும் என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்