எண் இல்லாமல் அச்சடிக்காதே என்கிறீர்கள், எண்ணை எப்போது தருவீர்கள்?

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரக் காற்றில் ஒரு பேனர் சாய்ந்ததும், வழக்கம்போல ப்ளெக்ஸ் கடைகளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. அனுமதி எண், தேதி, எத்தனை நாளுக்கு, அச்சடித்த கடை எது என்ற நான்கும் பேனரின் அடியில் இல்லாவிட்டால் கடைக்கு சீல். 2011 டிஜிட்டல் பேனர் விதிகளிலேயே இருந்த நிபந்தனைதான். எங்களுக்கு அதோடு தகராறு இல்லை. நாலு அங்குலப் பட்டையில் ஒரு வரி சேர்க்க டிசைனருக்கு ஒரு நிமிடம் போதும். அந்த வரியில் போட வேண்டிய எண்ணை நேரத்தோடு கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சாவு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வரும், பாதி நேரம் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டியதாக. எட்டு மணிக்குள் ஆறுக்கு நாலு அடி ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் அடித்து வீட்டு வாசலுக்குப் போயாக வேண்டும். மாலையில் எடுத்துவிடுவார்கள். உங்கள் நடைமுறையோ இடத்துக்காரர் ஒப்புதல், காவல் நிலையத் தடையின்மைச் சான்று, கட்டணம், பிறகு கோப்பு நகர வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வேண்டுமானால் எண் கிடைக்கும். எண் இல்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டுப் பையன் அடுத்த தெருக் கடைக்குப் போவான். அங்கே கடை பெயரே போடாமல் அடித்துக் கொடுப்பார்கள். விதிப்படி நடப்பவனுக்குத்தான் வியாபாரம் போகிறது.

எந்த பேனர் ஆளைக் கொல்லும் என்பதையும் பாருங்கள். இருபதுக்குப் பத்து பேனரில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் விழும் தள்ளல் ஏறக்குறைய 140 கிலோ. வேகம் 80 ஆனால் தள்ளல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு, 560 கிலோ. ஆறுக்கு நாலில் அதே 40 கிலோமீட்டர் காற்று 17 கிலோதான். பெரிய பேனரைச் சாலை நடுத்தடுப்பில் கட்டும்போது சவுக்குக் கட்டைக்கு மூன்றடி குழி எடுக்க முடிவதில்லை. அரையடி மண்ணுக்குக் கீழே கான்கிரீட். அதனால் கட்டையைத் தடுப்புக் கம்பியோடு கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டுப் போகிறார்கள். பின்னால் முட்டுக்கட்டை கொடுக்க அங்கே அகலம் ஏது? காற்று போகட்டும் என்று ப்ளெக்ஸில் நாலு அரைவட்டம் கிழித்துவிடுவது மன ஆறுதலுக்கு மட்டுமே. முதலில் ஒரு பக்கத்துக் கம்பி அறும், பிறகு மொத்தச் சட்டமும் வண்டி ஓட்டிப் போகிறவர் மேல் திரும்பும்.

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் கல்யாண பேனர் சரிந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அச்சடித்த கடைக்கு உடனே சீல் விழுந்தது. பேனர் வைத்த கட்சிக்காரர் கைதாக இரண்டு வாரம் ஆனது. அன்றிலிருந்து இந்த வரிசை மாறவே இல்லை. தலைவர் வருகிறார் என்றால் மேம்பாலம் முழுக்க எண்ணில்லாத பேனர். அதன் கீழேயே உங்கள் ஜீப்பும் போகிறது. ஒருவேளை அவ்வளவு பெரிய எழுத்து ஜீப்பிலிருந்து படிக்கத் தெரியாதோ என்னவோ.

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். 24 சதுர அடிக்குள், சொந்தச் சுவரிலோ வாசலிலோ கட்டும் பேனருக்கு வார்டு அலுவலகத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை உட்பட, ஒரு மணி நேரத்தில் எண் கொடுங்கள். அந்த எண் உண்மையானதா என்று நாங்கள் மெஷினில் ஏற்றும் முன் போனில் பார்க்க வழி செய்யுங்கள். பெரியவற்றுக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுத்தடுப்பில் ஒன்றுக்கும் கொடுக்காதீர்கள். கட்டுகிறவர் பெயரையும் கைபேசி எண்ணையும் விண்ணப்பத்திலேயே வாங்குங்கள். நாள் முடிந்ததும் துணியை மட்டும் உருவிக்கொண்டு கட்டையையும் குழியையும் நடைபாதையிலேயே விட்டுப் போகிறவர் அவர்தான்.

எண்ணைக் கொடுத்த பிறகும் எண்ணில்லாமல் அடிக்கிற கடைக்குத் தாராளமாக சீல் வையுங்கள், ஐயா.

இப்படிக்கு,
நகரின் ப்ளெக்ஸ் அச்சுக்கடைக்காரர்கள் சிலர்